கட்டியும் புற்றும்



கட்டி என்றதும் சாவு வந்துவிட்டதாக நடுங்குகிறவர்களும் உண்டு. வலிக்கவில்லையே என்று மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டுச் சும்மா இருக்கிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. மார்பில் வரும் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதேயில்லை.

சாதாரணக் கட்டி மெள்ள வளரும். தன் எல்லையைத் தாண்டாது. தோலுக்கடியில் உருளும் கொழுப்புக்கட்டி அத்தகையது. புற்றோ பக்கத்துச் சதைக்குள் புகுந்து அரிக்கும்; இரத்தத்தோடு ஓடி நுரையீரலிலும் எலும்பிலும் குடியேறும். (சாதாரணக் கட்டியே மண்டைக்குள் வந்தால் மூளையை நெருக்கி ஆளைக் கொல்லக்கூடும் என்பது வேறு விஷயம்.)

எது எந்த வகை என்பதை, பூசாரி கிடக்கட்டும், கைதேர்ந்த டாக்டரே தடவிப் பார்த்து நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். ஊசி பட்டால் பரவிவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் நாள் கடத்துகிறோமே, அந்த மாதங்களில்தான் அது பரவுகிறது!

புற்று என்று தெரிந்தபின், அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பிரான்சு தேசத்து டாக்டர் பியர் டெனுவா 1943 முதல் 1952 வரை வகுத்த கணக்கைத் தழுவியே இன்றும் உலகத்தார் இதை மதிப்பிடுகிறார்கள். கட்டி எவ்வளவு பெரிது? பக்கத்து நெறிக்கட்டிகளில் ஏறியதா? தூரத்து உறுப்புக்குப் போயிற்றா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் பெரும்பாலும் நான்காம் நிலை. வெட்கத்தால் மார்புக் கட்டியை மறைக்கும் நம் பெண்களில் பலர், நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார்கள்.