தொடைக் கொள்கையும் தரவுத்தளமும்



கணினியிடம் ஒரு வினாவை விடுக்கின்றோம்; இமைப்பொழுதில் விடை வருகின்றது. அவ்விடை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை நாம் கேட்பதுமில்லை, அறிவதுமில்லை. 1970ஆம் ஆண்டுக்கு முன்னர் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. தரவுகள் மரத்தின் கிளைகள் போலவோ வலையின் கண்ணிகள் போலவோ பிணைக்கப்பட்டிருந்தன. எக்கிளையில் ஏறி எக்கிளைக்குத் தாவவேண்டும் என்பதைக் கட்டளை எழுதுபவரே வகுக்கவேண்டும். பிணைப்பு மாறிவிட்டாலோ, எழுதிய கட்டளைகள் வீணாகிவிடும்.

இத்தளையை அறுத்தவர் எட்கார் கொட். இங்கிலாந்திற் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், ஒக்ஸ்போட்டிற் கணிதம் பயின்றவர். கலிபோர்னியாவில், சான் ஹொசே நகரின் ஐ.பி.எம். ஆய்வுகூடத்திற் பணியாற்றியபோது, 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிற் புதிய பொறியெதுவும் இல்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஜேர்மனியிற் கன்ரர் என்னும் அறிஞர் வகுத்த தொடைக் கொள்கையையே அவர் எடுத்தாண்டார். முடிவிலியை ஆராயப் பிறந்த கொள்கை பண்டசாலைக் கணக்குக்கும் உதவும் எனக் கன்ரர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்!

தொடை என்பது மூலகங்களின் திரட்டு. அதில் வரிசை என்பது இல்லை. ஒரே மூலகம் இருமுறை இடம்பெறுவதுமில்லை. கொட் ஒவ்வோர் அட்டவணையையும் ஒரு தொடையாகவும், அதன் ஒவ்வொரு நிரையையும் ஒரு மூலகமாகவும் கொண்டார். வரிசை இல்லையாதலால், 'பதினேழாவது நிரையைத் தருக' என்று கேட்க இயலாது. 'இன்ன இலக்கமுடையவரின் விபரத்தைத் தருக' என்றே கேட்கவேண்டும். இழப்புப்போலத் தோன்றும் இதுவே பெரும்பேறு. தரவை இயந்திரம் எங்கு வைத்தாலும், எவ்வாறு அடுக்கினாலும், நமது வினா மாறவேண்டியதில்லை.

ஒரு சிகிச்சை நிலையத்தில் இரண்டு பதிவேடுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று அப்பகுதிக் குழந்தைகள் அனைவரையும் குறிப்பது. மற்றது தடுப்பூசி பெற்றோரைக் குறிப்பது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் எஞ்சுவோர் ஊசி பெறாதோர். கழித்து வந்த விடையும் ஓர் அட்டவணையே. ஆகையால் அதனை முகவரிப் பதிவேட்டுடன் இணைத்து, எந்த வீதிக்குத் தாதியை அனுப்பவேண்டும் என மேலும் வினவலாம். இதுவே இம்முறையின் அழகு என்பேன்.

ஆயினும் நடைமுறை கணிதத்தின் தூய்மையை முற்றாகக் காக்கவில்லை. 1974இல் சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர் ஐ.பி.எம்மில் வகுத்த வினவல் மொழியே இன்று எஸ்.கியூ.எல். எனப் பரவியுள்ளது. அது ஒரே நிரை பலமுறை வருவதையும், கட்டம் வெறுமையாய் இருப்பதையும் அனுமதிக்கின்றது. இந்த வெறுமை சிறு குற்றமன்று. தடுப்பூசிப் பதிவேட்டில் ஒரேயொரு நிரையிற் குழந்தையின் இலக்கம் விடுபட்டுள்ளது என்க. 'இவ்விலக்கங்களுள் இல்லாத குழந்தைகள் யாவர்?' என்று அம்மொழியிற் கேட்டால், இயந்திரம் ஒவ்வொரு குழந்தையையும் நோக்கி, 'அந்த வெற்றிடத்துக்குரியது இக்குழந்தையாகவும் இருக்கலாமே. இல்லையென உறுதியாகக் கூற இயலாது' எனத் தயங்கும். தயங்கியதை அது விடையிற் சேர்ப்பதில்லை. முடிவில் ஒரு பெயரும் வராது. ஊசி பெறாதோர் எவருமிலர் எனத் தாதியும் மகிழ்ந்து வீடு திரும்புவார்!

பரிகாரம் உண்டு. இலக்க நிரலில் வெறுமையை அனுமதியாதிருத்தல் ஒன்று. 'இக்குழந்தையின் இலக்கத்தோடு பொருந்தும் நிரை ஏதும் உளதா?' என வினாவை மாற்றியமைத்தல் மற்றொன்று. பின்னதைக் கையாண்டால், உண்மையில் ஊசி பெற்றும் இலக்கம் விடுபட்ட அந்தக் குழந்தையும் பட்டியலில் வரும். வரட்டும், தாயிடமுள்ள அட்டையைப் பார்த்தால் அது தெளிந்துவிடும்.