பொறுப்பைப் பங்கிடுவோம்: பேரிடர் உதவியும் குடிமக்கள் கடமையும்



இந்தக் கருத்தரங்கைக் கோலாலம்பூரில் வைக்காமல் சுங்கை சிப்புட்டில் ஏன் வைத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். காரணம் உண்டு. ஆபத்து வந்தால் அரசு எவ்வளவு தாங்குவது, குடும்பம் எவ்வளவு தாங்குவது என்ற கேள்விக்கு இந்த ஊர் மனிதர் ஒருவர் 1960இலேயே விடை தேடினார். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலம் அது. தோட்டம் கைமாறினால் பால்மரம் வெட்டியவருக்கு வேலையும் போகும், லயன் வீடும் போகும். இங்கே பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது.

சொந்தப் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை விரும்பி எடுத்துச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அதில் இன்னொரு பாதியும் உண்டு. பணம் கட்டச் சொல்வதற்கு முன்னால், கட்டினால் நிலம் கிடைக்கும் என்ற வழியைத் தலைமை திறந்து வைத்தது. வழி இருந்ததால்தான் பொறுப்பு கேட்க முடிந்தது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: தெரிவு எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு.

மலேசியாவின் 2021 டிசம்பர் வெள்ளத்தையும் அடுத்த மாதத் தொடர்ச்சியையும் எடுத்துக்கொள்வோம். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் குடியிருப்புகளின் பங்கு மட்டும் ஏறக்குறைய 160 கோடி. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் கிடைத்த உதவித்தொகை 1,000 ரிங்கிட். தண்ணீர் கணுக்கால் அளவு வந்தாலும் கூரையைத் தொட்டாலும் அதே 1,000. பள்ளி மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு, குடும்பத் தலைவர் பெயரை எழுதிக்கொள்வார்கள். ஒரே கூரையின் கீழ் பெற்றோரும் கல்யாணமான இரண்டு மகன்களும் இருந்தால், அது ஒரு குடும்பமா மூன்றா என்ற வாக்குவாதம் அங்கேயே தொடங்கிவிடும்.

உதவி உறுதி என்று தெரிந்தால் மக்கள் தற்காப்பைக் கைவிடுவார்கள் என்பது பழைய வாதம். பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கானன் 1975இல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் 1,000 ரிங்கிட்டை நம்பி ஆற்றோரம் குடிபோகிறவர் யார்? ஓய்வு பெற்றதும் லயன் வீட்டைக் காலி செய்யும் தொழிலாளி, கையிலிருக்கும் ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போகிறார். மலிவாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் தாழ்வான இடம். காப்புறுதி எடுத்திருக்கலாமே என்கிறோம். சாதாரண தீ காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் பட்டாவே இல்லாதவர் எந்தக் கட்டடத்துக்குக் காப்புறுதி எடுப்பார்?

சேமநிதியும் தப்பவில்லை. கோவிட் காலத்தில் நான்கு திட்டங்களின் வழியாக 14,500 கோடி ரிங்கிட் அதிலிருந்து வெளியேறியது. அரசு அனுமதித்தது, மக்கள் எடுத்தார்கள், வேறு வழியில்லை. ஆனால் தன் முதுமைக் காலத்துச் சோற்றை முன்கூட்டியே எடுத்துச் சாப்பிட்டவரிடம் போய் இன்னும் பொறுப்பு வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது.

தெரிவு உள்ளவர்களிடம் அந்தப் பொறுப்பைக் கேட்டோமா என்று பாருங்கள். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். அது தொடர்பான வழக்கில் 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ஊராட்சி மன்றத்துக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்புத் தருகிறது என்று தீர்ப்பளித்தது. வீடு வாங்கியவருக்கு அப்படி ஒரு கவசம் எந்தச் சட்டத்திலும் இல்லை. தவறினால் நட்டம் தன் தலையில் விழாது என்ற தைரியம் ஏழையைவிட அனுமதி கொடுப்பவரிடமும் கட்டி விற்பவரிடமும்தான் அதிகம்.

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பிரிட்டனில் 2016இல் வந்த வெள்ள மறுகாப்புறுதித் திட்டம் ஒரு கோடு போட்டது. 2009 ஜனவரி 1க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அதில் இடமில்லை. அதற்கு முன்பே கட்டிய வீடுகளுக்குச் சலுகை, தெரிந்தே புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இல்லை. வெள்ள வரைபடத்தை வெளிப்படையாக வைத்துவிட்டு, இன்ன தேதிக்குப் பிறகு கட்டப்படும் வீடுகளின் சுமை மேம்பாட்டாளருடையது என்று நாமும் சொல்லலாம். பழைய குடியிருப்புகளுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் குழுக் காப்புறுதி தரலாம். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 1971 முதல் சிறு சந்தாவை வாங்கிக்கொண்டு, விபத்து யார் தவறு என்று விசாரிக்காமலே தொழிலாளிக்கு இழப்பீடு தருகிறது. அந்த ஏற்பாட்டை வெள்ளத்துக்கு நீட்ட முடியுமா என்பது ஆராயத் தக்க கேள்வி. உதவித்தொகையும் சேதத்தின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்பது முன்கூட்டியே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், அமைச்சர் வந்து அறிவிக்கும் வரை யாரும் காத்திருக்க வேண்டாம்.

இன்று கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில், அதன் செலவு யார் கணக்கில் விழுகிறது, அவருக்கு வேறு வழி இருந்ததா என்ற இரண்டையும் எழுதுங்கள். அந்த இரண்டுக்கும் விடை தராத பரிந்துரையைத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டாம். விவாதம் சூடாகவே நடக்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.