ஈர்க்குச்சி கனத்தில் ஒரு குழல்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் கன்றுக்குக் கழிச்சல் என்றால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டரே, இது பெழைக்குமா?"

என்ன கிருமி என்பதைச் சாணத்தில் தேட வேண்டும். பிறந்த முதல் சில நாளில் ஈ.கோலி, அதற்குப் பின் ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்று வரும். பிழைக்குமா என்ற கேள்விக்குப் பதில் ரத்தத்தில் இருக்கிறது.

அதற்கு எனக்குப் பிடித்த கருவி ஒரு கண்ணாடிக் குழல். ஈர்க்குச்சி கனம்தான் இருக்கும். அதில் கன்றின் ரத்தத்தை ஏற்றி, நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிநீர் நிற்கும். நூற்றில் சிவப்பு எத்தனை பங்கு என்று அளப்போம். இளங்கன்றுக்குப் பெரும்பாலும் 25 முதல் 35 வரை இருக்கும். கழிச்சலில் நீர் வற்ற வற்ற இது ஏறும். பிறகு குழலை ஒடித்து, தெளிநீரில் ஒரு சொட்டைக் கையடக்கமான ஒளிவிலகல்மானியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நூறு மில்லிக்கு எத்தனை கிராம் புரதம் என்பது தெரியும். இந்த மானிக்குக் கரண்டுகூட வேண்டாம்.

இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது இஞ்சிவிளைப் பக்கத்து ஒரு கன்று. ஒன்றரை மாதக் குட்டி, மூன்று நாளாகக் கழிச்சல், கண் குழிந்திருந்தது. சிவப்பு 30. சரியான அளவுதானே என்று தோன்றும். புரதமோ 8 கிராமைத் தாண்டியிருந்தது. நீர் வற்றிய கன்றுக்குச் சிவப்பு ஏன் ஏறவில்லை? "அக்கா, காதுக்குள்ள பாருங்க" என்றேன். உண்ணி அப்பிக் கிடந்தது. ஈறு வெளுத்திருந்தது. ரத்தசோகை ஒரு பக்கம் இறக்க, நீர்வற்றல் மறுபக்கம் ஏற்ற, நடுவில் அந்த 30 நல்ல எண்போல நின்றிருக்கிறது. டிரிப் ஏற்றிய மறுநாள் 19. நீரை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பியிருந்தால் அந்தக் கன்றை இழந்திருப்போம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். கண் அவ்வளவாகக் குழியாமலே, வாயில் விரல் வைத்தால் சப்பாமல், தலை தொங்கிப் படுத்திருக்கும் கன்று உண்டு. ஒரு வாரம் தாண்டிய கன்றுகளில் இதை அதிகம் பார்க்கிறோம். ரத்தம் புளித்துப் போயிருக்கும். சோடா உப்புக் கரைசலை டாக்டர் நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கும். ரத்தம் புளிக்கும்போது பொட்டாசியமும் அதில் ஏறி இதயத்தை மிரட்டும். புளிப்பையும் பொட்டாசியத்தையும் அளக்கும் சோதனைக்கு ரத்தம் காத்திருக்காது. பாலோட்டில் உள்ள கால்நடை நோய் ஆய்வகம்வரை ஜீப்பில் குலுங்கிப் போனால், அணுக்கள் உடைந்து பொட்டாசியம் இல்லாத உயரத்தைக் காட்டும். சர்க்கரையை அணுக்களே தின்றுவிடும். அதனால்தான் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே அளக்கும் சிறு கருவிகள் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது, சீம்பாலைச் சொல்லாமல் போகமாட்டேன். தாய்ப்பசு வயிற்றுக்குள் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தியைத் தருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். 25 கிலோ கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் போக வேண்டும். ஒரு நாள் கடந்தால் குடல் அந்தச் சக்தியை உள்ளே விடாது. குடித்ததா என்பதையும் அதே ஒளிவிலகல்மானி சொல்லும். முதல் வாரத்தில், நீர் வற்றாத கன்றுக்குப் புரதம் 5.2 கிராமுக்குக் கீழே இருந்தால் சீம்பால் போதவில்லை என்று அர்த்தம்.

மில்மா சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் சகோதரிகளே, கன்று பிறந்த நேரத்தையும் முதல் சீம்பால் கொடுத்த நேரத்தையும் தொழுவச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். கழிச்சல் கண்டால் பாலை நிறுத்தாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைத் தனி வேளையாகக் கொடுங்கள். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.