உடம்பு நன்றாக இருக்கும்போதும் போட வேண்டிய மாத்திரை



மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று வேலை பார்க்கும் மருந்தாளுநன் நான். சி.எம்.எல். என்று மருத்துவர்கள் சொல்லும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் அந்த ஜன்னலில் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான். "உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு. இன்னும் எத்தனை நாளைக்குப் போடணும்?" கேட்பவர் மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவராக இருக்கலாம், தேவனேரியிலிருந்து கடலுக்குப் போகிறவராக இருக்கலாம், செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிற பெண்ணாகவும் இருக்கலாம். நம் நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், உழைத்துச் சம்பாதிக்கும் வயதிலேயே வந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்தத் தூண்டுவது வலியோ கஷ்டமோ அல்ல, உடம்பு நன்றாக இருப்பதுதான். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

இந்த நோயில் எலும்பு மஜ்ஜைக்குள் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் ஒரு துண்டை மாற்றிக்கொள்கின்றன. 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் வழக்கத்தைவிடச் சிறிதாக இருந்த ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அது இப்படி இடம் மாறியதால் வந்தது என்று 1973-இல் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் காட்டினார். அந்த மாற்றத்தால் ஒரு கோளாறான புரதம் உண்டாகிறது. வெள்ளை அணுக்களைப் பெருகு, பெருகு என்று அது ஓயாமல் ஏவுகிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரை நேராகப் போய் அந்தப் புரதத்தில் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. ஆனால் ரத்தத்தில் மருந்து இருக்கும் வரைதான் அந்தக் காவல். சுமார் 18 மணி நேரத்தில் மருந்தின் அளவு பாதியாகிவிடும். தினமும் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் இந்த மாத்திரைக்கு 2001 மே மாதம் அனுமதி கிடைத்தது. அது நம் கைக்கு வந்த கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியக் காப்புரிமை கேட்டு 1998-இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அங்கேயே அது நிராகரிக்கப்பட்டது. அந்த நிறுவனம் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்து வைத்தது. அந்த வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸ் மாத்திரை மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். நம் நாட்டு நிறுவனங்கள் செய்த அதே மருந்து 8,000, 10,000 ரூபாய். இன்று அது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. புற்றுநோயாளிகள் சங்கம் ஒன்றும் சேர்ந்து போராடிக் கொண்டுவந்து சேர்த்த மாத்திரை, வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எத்தனை விட்டால் கெடுதல்? லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 பேரிடம், டப்பா மூடியில் ஒரு மின்னணுக் கருவி வைத்து, மூடி திறக்கப்பட்ட நாட்களை மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். 2010-இல் முடிவு வெளிவந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் 100-க்கு 94 பேருக்கு மேல் ஆறு ஆண்டுகளில் நோய் நன்றாக அடங்கும் என்று கணக்கு வந்தது. அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 100-க்கு 28 பேர்தான். தொண்ணூறு சதவீதம் என்றால் மாதத்தில் மூன்று மாத்திரை விட்டது. கல்யாணத்துக்குப் போன ஒரு நாள், மருந்து தீர்ந்து அடுத்த பஸ்ஸுக்கு ஆகட்டும் என்று விட்ட இரண்டு நாள், அவ்வளவுதான்.

மருந்தை ஒழுங்காகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பது செங்கல்பட்டுக்காரர்களுக்குக் கேள்விப்படாத விஷயம் அல்ல. ஊரை ஒட்டிய திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டாப்சோன் என்ற ஒரே மருந்தை வருடக்கணக்கில் நம்பியிருந்த காலத்தில், கிருமி அதற்கு மசியாமல் போனது. விட்டுவிட்டுப் போட்டதும் அதற்கு ஒரு காரணம். பிறகுதான் கூட்டு மருந்தும், நாள் வாரியாகப் பிரித்த 28 நாள் அட்டையும் வந்தன. புற்றணுவுக்கும் அந்தக் குணம் உண்டு. அடங்கியிருந்த நோய் புதிய மரபணு மாற்றத்தோடு திரும்பினால் பழைய மாத்திரை செல்லுபடியாகாமல் போகலாம்.

சரி, எப்படிப் போடுவது? இமாட்டினிப் மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வாந்தி வரும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் படகு ஏறுகிறவர் வெறும் டீயைக் குடித்துவிட்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் கடலில் அவர் படும் பாடு சொல்லி முடியாது. இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாம் முறை மாத்திரையைத் தொடவே மாட்டார். அவருக்கு இரவுச் சாப்பாடுதான் வசதி. ஏழு மணிக்குச் சோறு சாப்பிடும்போதே போட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கலாம். எந்த வேளை என்பது உங்கள் இஷ்டம். எடுத்த வேளையை மாற்றாதீர்கள். மறந்து போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. போட்டது வாந்தியில் போய்விட்டாலும் அன்றைக்கு இன்னொன்று வேண்டாம்.

நிலோட்டினிப் என்று வேறொரு மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். நோய் அதேதான், விதி நேர் எதிர். அது வெறும் வயிற்றில் போட வேண்டியது. போடுவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டோடு போடுகிறாரே என்று பார்த்துச் செய்யாதீர்கள்.

ஜன்னலில் ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் மகனுக்காக மருந்து வாங்க வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்ப்பா, போன தடவை சின்னதா நாலு போடச் சொன்னீங்க. இது பெருசா இருக்கே. இதையும் நாலு போடணுமா?" போன மாதம் கொடுத்தது 100 மில்லிகிராம் இமாட்டினிப், அன்று கையில் இருந்தது 400. நான்கு போட்டிருந்தால் 1,600 மில்லிகிராம் ஆகியிருக்கும். கேட்டாரே அந்த அம்மா, அதற்கு நான் கை எடுத்துக் கும்பிட்டேன். கம்பெனி மாறும், நிறம் மாறும், அளவும் மாறும். அட்டையில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் எங்களைக் கேளுங்கள். எத்தனை போட வேண்டும் என்று பேனாவால் எழுதித் தருவது எங்கள் வேலை.

இனி, இமாட்டினிப் போடும்போது உடம்பு காட்டும் அடையாளங்கள். காலையில் கண்ணைச் சுற்றி உப்பியிருப்பது நிறையப் பேருக்கு வரும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் கொஞ்சம் குறைத்தால் நல்லது. ஆனால் சில நாட்களிலேயே எடை கிடுகிடுவென ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சிற்பி ஒருவர், உளி பிடித்த கை திடீரென்று மடங்கிக்கொள்கிறது, விரலைப் பிரிக்க இன்னொரு கை வேண்டியிருக்கிறது என்றார். இந்த மாத்திரையில் தசைப்பிடிப்பு சகஜம். சொன்னால் ரத்தத்தில் உப்புச் சத்துகளைப் பார்த்து வழி சொல்வார்கள்.

தோல் வெளுப்பதும் அப்படித்தான். இமாட்டினிப், தோலுக்கு நிறம் தரும் அணுக்களுக்கு வேண்டிய இன்னொரு புரதத்தையும் தடுக்கிறது. நம் கருத்த மேனியில் அது பளிச்சென்று தெரியும். அதைத் தொழுநோய் என்றோ வெண்குஷ்டம் என்றோ நினைத்து வெளியே வரவே கூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தொற்றிக்கொள்ளும் நோய் அல்ல அது. அந்தப் பயத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

மற்ற மருந்துகளை மறைக்க வேண்டாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமாஸிபைன் ஆகியவை இமாட்டினிப்பின் அளவைக் குறைத்துவிடும். சில பூஞ்சை மருந்துகளும் ஆன்டிபயாட்டிக்குகளும் கூட்டிவிடும். பம்பளிமாஸ் பழமும் அதே மாதிரி கூட்டக்கூடியது, அதை விட்டுவிடுங்கள். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காமல், அணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று ரத்தம் பார்க்க வேண்டும்.

இந்த மருந்து கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். நாள் தள்ளிப்போனால் அன்றே போய்ச் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் இது கூடாது.

சிகிச்சைக்காக எங்கள் பக்கத்திலிருந்து சிலர் அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைகளுக்கும், சிலர் தெற்கே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர். பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அது காட்டும் எண், சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1-க்குள் வர வேண்டும். பல ஆண்டுகள் மிக ஆழமாக அடங்கியவர்களில் சிலருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படி நிறுத்தியவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே இருந்ததால்தான் உடனே மாத்திரையைத் தொடங்கி அடக்க முடிந்தது. நாமாகச் செய்கிற காரியம் அல்ல அது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றும் அடுப்பங்கரைச் சூடும் மாத்திரைக்கு ஆகாது. அட்டையிலிருந்து பிரிக்காமல், மூடிய டப்பாவில், 30 டிகிரிக்கு மேல் சூடேறாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி நாட்களில் பஸ்ஸை நம்பியிருக்க முடியாது. ஐப்பசி பிறக்கும் முன்பே, மழைக்காலத்துக்காகப் பத்து நாள் மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கும்படி மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வாருங்கள். பழைய அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள், புதியதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே கொடுத்து அனுப்புகிறோம்.