நர்ஸ் எழுதும் குறிப்பும் ஊழியமே

(கொட்டச்சேட்டில் நடந்த நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



சேலத்திலிருந்தும் சமவெளி ஊர்களிலிருந்தும் மலையேறி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற இந்தக் கொட்டச்சேட்டுக்கு வந்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பும் காணிக்கை எங்கே போய்ச் சேருகிறது என்று நேரில் பார்க்க வந்த உங்களுக்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

இந்த ஆண்டு உங்கள் முன் நாங்கள் வைத்திருக்கிற தேவை சற்றுப் புதியது. கட்டில் கேட்கவில்லை, ஆம்புலன்ஸ் கேட்கவில்லை. வார்டுகளுக்குக் கணினிகளும், அவற்றில் நோயாளிகளின் குறிப்புகளைச் சரியாக எழுத நம் நர்சுகளுக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியையும் கேட்கிறோம். "ஐயா, கம்ப்யூட்டருக்கா காணிக்கை?" என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு இன்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்தக் கல்விக்குச் செவிலியத் தகவலியல், அதாவது நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸ் என்று பெயர். பெயர் புதிது, காரியம் பழையது. கைவிளக்கு ஏந்திய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் எல்லாரும் அறிவோம். 1854-இல் கிரிமியப் போரின்போது அவர் 38 பெண்களோடு ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனார். அங்கே வார்டு அழுக்காக இருந்ததைப் போலவே பதிவேடும் சீர்கெட்டுக் கிடந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குக்கூட ஒரு கணக்கும் மறு கணக்கும் ஒத்துவரவில்லை. ஊர் திரும்பிய பின் அவர் அந்தக் கணக்குகளை வரிசைப்படுத்தி, 1858-இல் வண்ணப் படமாக அச்சிட்டார். காயத்தால் இறந்த வீரர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்களே அதிகம் என்று அது காட்டியது. அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. நம் இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களை ஆராய்ந்தார். குடிநீரையும் சாக்கடையையும் பற்றி அவர் எழுதியவை 1863-இல் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கையில் இடம்பெற்றன. விளக்கு ஒரு கையில் இருந்தது என்றால், பேனா மறு கையில் இருந்தது.

நம் தமிழ்நாட்டில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பக் குடும்பங்கள் தயங்கிய காலம் அது. அந்தப் பள்ளி 1946-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. நர்ஸ் வேலை வெறும் கைவேலை அல்ல, அறிவும் வேண்டிய வேலை என்பதை மிஷன் மருத்துவமனைகள் இந்த நாட்டுக்குக் காட்டின. இன்று நாங்கள் கேட்பது அந்தப் பாதையில் அடுத்த படி.

கணினிகள் மருத்துவமனைக்குள் வந்தபோது முதலில் எதற்கு வந்தன? பில் போடுவதற்கு. பிறகு மருந்துக் கிடங்குக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் வந்தன. டாக்டர் கண்ட நோயின் பெயர் பதிவானது. ஆனால் இரவு முழுவதும் கண்விழித்து, புண் வராதபடி இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த நர்சின் வேலை எங்கும் பதிவாகவில்லை. பதிவில் இல்லாத வேலை, ஆள் ஒதுக்கும் நேரத்திலும் கணக்கில் வராது. இதை உணர்ந்து, நர்சிங்கைப் பற்றிக் குறைந்தபட்சம் எவை பதிவாக வேண்டும் என்று ஹாரியட் வெர்லி என்ற நர்ஸ் அறிஞர் அமெரிக்காவில் 1980-களில் ஒரு பட்டியலுக்கு வழிகோலினார். 1992-இல் அமெரிக்க நர்சுகள் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் முன்பு நர்சிங் பாடத்திட்டத்தில் கணினி அறிமுகம் என்று ஒன்று இருந்தது. 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் வெளியிட்ட புதிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் செவிலியத் தகவலியல் இரண்டாம் பருவத்திலேயே தனிப் பாடமாகிவிட்டது. அதற்கு முன் படித்து வந்த நம் மூத்த நர்சுகளுக்கோ அதை நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இதனால் நோயாளிக்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குச் சொல்லுகிறோம். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் ஒரு தகப்பனார் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடித்துடிப்பு 104. காய்ச்சல் 101 டிகிரி. மேல் ரத்த அழுத்தம் 104. மூச்சு நிமிடத்துக்கு 22. உணர்வு தெளிவாக இருக்கிறது, ஆக்சிஜன் அளவும் சரி. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால், "காலையில் டாக்டர் வரட்டும்" என்று சொல்லத் தோன்றும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு, 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில் இவற்றைக் கூட்டிப் பாருங்கள். மூச்சுக்கு 2, நாடிக்கும் காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒவ்வொன்று, ஆக 5. ஐந்து வந்தால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும். ஏழு வந்தால் அது பேராபத்து. நாற்பது நோயாளிகளுக்கு நடுவே நடுராத்திரியில் இந்தக் கூட்டலை மனக்கணக்காகப் போடுவது எளிதல்ல. நர்ஸ் எண்களைப் பதிந்தவுடன் கணினி கூட்டிச் சொல்லிவிடும். ஆனால் நோயாளியின் மார்பைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுகிறவர் நர்ஸ்தான். அவர் எண்ணாமல் ஏதோ ஓர் எண்ணை எழுதினால் கணினியும் பொய்யே சொல்லும். ஆகவே இந்த வகுப்பின் முதல் பாடம் உண்மை.

இந்த மலைக்கு வருவோம். நம் மலைக்கிராமத்துத் தாய் ஒருத்தி கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியர் அவளைப் பதிவு செய்து எண் வாங்கிக் கொடுக்கிறார். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண்ணைக் கேட்கிறார்கள். "பிக்மி நம்பர்" என்றால் இங்குள்ள தாய்மாருக்கெல்லாம் தெரியும். செவிலியத் தகவலியல் என்ற பெயரை அறியாமலே நம் கிராம செவிலியர்கள் அந்த வேலையைச் செய்துவருகிறார்கள். அந்தத் தாய்க்கு எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் கூடி, மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்குப் போக நேரிட்டால், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கும் நேரம் வீணாகக் கூடாது. அவள் போய்ச் சேருமுன் அவளுடைய குறிப்பு போய்ச் சேர வேண்டும். என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பது தெரியாமல் அங்குள்ளவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கக் கூடாது.

ஆபத்துகளையும் மறைக்க மாட்டோம். திரையைப் பார்க்கிற நர்ஸ் நோயாளியின் முகத்தைப் பார்க்க மறந்துவிடலாம். நேற்றைய குறிப்பையே இன்றும் நகலெடுத்து ஒட்டிவிடும் சோதனை உண்டு. ஒருவருடைய பாஸ்வேர்டை நாலு பேர் பயன்படுத்தினால் யார் எழுதினார் என்பது தெரியாது. சிறிய ஊரில் ஒருவருடைய நோய் வெளியே தெரிந்தால் அவர் பிழைப்பும், மகளுடைய திருமணமும்கூடப் பாதிக்கப்படும். தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டத்துக்கு முன்பே நமக்கு மனச்சாட்சி உண்டு. மழைக்காலத்தில் மின்சாரமும் நெட்வொர்க்கும் போய்விடும். அந்நேரம் தாளில் எழுதி, பிறகு பிழையின்றி ஏற்றவும் பழக வேண்டும். இவை யாவும் பாடங்கள். இயந்திரத்தை வாங்கி வைத்தால் மட்டும் இவை வந்துவிடாது. ஆகவேதான் கணினியோடு ஆசிரியையையும் சேர்த்துக் கேட்கிறோம். இரண்டில் ஒன்றுதான் உங்களால் கொடுக்க முடியும் என்றால், ஆசிரியையைக் கொடுங்கள்.

பிரியமானவர்களே, காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றிப் பலமுறை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். நூறில் ஒன்று குறைகிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? மாலையில் அவன் எண்ணிப் பார்த்தான். எண்ணாத மேய்ப்பன் தேடிப்போக மாட்டான். நம் நர்சுகள் எண்ணுவதும் எழுதுவதும் அன்பின் கிரியைகளே.

உங்கள் ஜெபத்தில் எங்கள் நர்சுகளைப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபைகளில் நர்சிங் படிக்க விரும்பும் பிள்ளைகளை உற்சாகப்படுத்துங்கள். காணிக்கை தருகிறவர்கள் உறையின் மேல் "நர்சுகளின் கல்விக்கு" என்று குறிப்பிட்டுத் தந்தால், அது அதற்கென்றே செலவிடப்படும். கணக்கும் இம்மடலிலேயே உங்களுக்கு வரும். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.