தொண்டைமான் என்னும் பெயர்



கல்லூரியிற் சேர்வதற்கோ கடவுச்சீட்டுப் பெறுவதற்கோ விண்ணப்பத்தாளை நிரப்பும்போது, குடும்பப் பெயர் எது என்று கேட்கும் கட்டம் ஒன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுட் பலர் அவ்விடத்தில் எழுதுகோலைச் சற்றே நிறுத்துவர். தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கித் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொள்வதே நம்மிடையே பெருவழக்கு. தலைமுறைதோறும் அந்த எழுத்து மாறிவிடும். பாட்டனார், தந்தையார், மகன், பெயரன் என்று மாறாது தொடர்ந்து வரும் பெயர் நம்மவர்க்கு அரிது. அவ்வாறு அரிதாக நிலைத்த பெயர் ஒன்றன் வரலாற்றை இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன். அதுதான் தொண்டைமான் என்னும் பெயர்.

இப்பெயரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. செங்கற்பட்டும், காஞ்சியும், மாமல்லபுரக் கடற்கரையும் அடங்கிய நிலப்பகுதிக்குத் தொண்டை நாடு என்பது பழம்பெயர். தொண்டைமான் என்னும் பெயர் பிறந்த மண் இதுவே. ஆயினும் அப்பெயரை இன்று தாங்கி நிற்போரைத் தேடினால், செங்கற்பட்டில் அன்று, புதுக்கோட்டையிலும், திருநெல்வேலியிலும், கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டிலுமே காண்கிறோம். பிறந்த மண்ணில் அருகி, தொலைவான மண்ணில் வேரூன்றியது ஏன்? இதுவே நாம் விடை காண வேண்டிய வினா.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். தொண்டை என்பது ஒரு கொடியின் பெயர். கோவைக்கொடிக்கு அப்பெயர் பண்டை இலக்கியங்களில் வழங்கியது. அதன் செங்கனியை மகளிர் இதழுக்குப் புலவர்கள் உவமை கூறுவர். மான் என்னும் இறுதியைக் கண்டு விலங்கினத்து மானை நினைத்துவிடாதீர்கள். பெருமகன் என்பது பெருமான் என்றும், கோமகன் என்பது கோமான் என்றும் மருவின அல்லவா? அவ்வாறே சேரமான், அதியமான், மலையமான், தொண்டைமான் என்பனவும் அமைந்தன. ஆகவே தொண்டைமான் என்றால் தொண்டையர் குடியின் தலைமகன் என்பது பொருள். ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அன்று இது; ஒரு நாட்டின் தலைமையைக் குறித்த பெயர். இந்த வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

சங்க நூல்களில் இப்பெயர் தெளிவாகக் காணப்படுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. ஐந்நூறு அடிகள் கொண்ட அப்பாட்டு, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தையும் அங்கு வந்து நின்ற மரக்கலங்களையும் காட்டுகிறது. அத்துறைமுகம் மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரையில் இருந்தது என்று அறிஞர் சிலர் கருதுவர். பாலாறு கடலொடு கலக்குமிடத்திற்கு அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் 1970ஆம் ஆண்டில் நிகழ்ந்த அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தமை, இக்கரையின் பழைய கடல் வாணிகத்துக்குச் சான்றாகும். புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் சென்றதும் ஒரு தொண்டைமானிடத்திற்றான். நெய்பூசி ஒளிவிட்ட அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோற் பழித்து, போரில் நுனி முறிந்து கொல்லன் உலையிற் கிடக்கும் அதியமானின் வேல்களைப் பழிப்பதுபோற் புகழ்ந்த அவர் நயத்தை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

இளந்திரையனின் பிறப்பைப் பற்றி உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை கூறுகிறார். சோழன் ஒருவனுக்கும் நாககன்னிகை ஒருத்திக்கும் பிறந்த மகன், தொண்டைக்கொடி அடையாளமாகக் கட்டப்பட்டுக் கடலில் விடப்பட்டான். திரை அவனைக் கரையிற் கொண்டுவந்து சேர்த்தது. ஆதலால் திரையன் ஆனான், தொண்டைமானும் ஆனான் என்பது கதை. ஆவடிக்கு அருகிலுள்ள திருமுல்லைவாயிலின் தலவரலாற்றிலும் தொண்டைமான் ஒருவன் வருகிறான். அங்கே அவன் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. அதனை வாளால் வெட்டும்போது இறைவன் திருமேனி வெளிப்படுகிறது. இரு கதைகளிலும் கொடி ஒன்று வருவதைக் கவனித்தீர்களா? ஒரு பெயரின் பொருள் மக்களுக்கு மறக்கத் தொடங்கும்போது, அப்பொருளை விளக்க ஒரு கதை பிறக்கிறது. கதை இனியது, பெயர் எவ்வளவு பழையது என்பதற்கு அது ஒரு சான்று. ஆயினும் அதனை நிகழ்ச்சி என்று கொள்ளலாகாது.

சங்க காலத்துக்குப் பின் பல்லவர் காஞ்சியில் அரசு செலுத்தினர். குன்றைக் குடைந்தும் பாறையைச் செதுக்கியும் மாமல்லபுரத்தை உலகறியச் செய்தவர் அவர்களே. அவர்கள் வேறு குலத்தினராயினும், தொண்டை நாட்டை ஆண்டமையால் தொண்டையர் என்னும் பெயர் அவர்களையும் வந்தடைந்தது. கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடிய திருமங்கையாழ்வாரே, பல்லவ வேந்தனைத் தொண்டையர் தலைவனாகக் குறிப்பிடுகிறார். நாடு கைமாறியபோது பெயரும் கைமாறியது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் பல்லவ மன்னன் அபராசிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழ அரசோடு சேர்த்தான். அந்த ஆதித்தன் உயிர் நீத்த ஊர் எது தெரியுமா? காளத்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாற்றூர். அவன் மகன் பராந்தகன் அங்கே தந்தையின் நினைவாகக் கோயில் எடுத்தான். வென்றவனை அவன் வென்ற நாட்டின் பெயரைத் தாங்கிய ஊரே தன் மடியில் ஏற்றுக்கொண்டது. பின்னர் முதலாம் இராசராசன் காலத்தில் நாட்டின் பெயரும் சயங்கொண்ட சோழமண்டலம் என மாற்றப்பட்டது. மாமல்லபுரம் ஆமூர்க் கோட்டத்து ஆமூர் நாட்டில் அடங்கிய ஊராகக் கல்வெட்டில் இடம்பெற்றது.

அரசு மறைந்தது; பெயர் மறையவில்லை. சோழப் பேரரசர்கள் தம் அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் பல்லவரையன், காலிங்கராயன், மழவராயன், மூவேந்தவேளான் என்று பட்டம் வழங்கினர். அவ்வரிசையிலே தொண்டைமான் என்பதும் பட்டமாயிற்று. பட்டத்துக்கும் பிறந்த ஊருக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. இதனை ஒரு புகழ்பெற்ற மனிதரைக் கொண்டே விளக்குகிறேன்.

முதற் குலோத்துங்க சோழன் 1070 முதல் 1120 வரை ஆண்டவன். அவன் படைத்தலைவராகக் கலிங்கத்தை வென்றவர் கருணாகரத் தொண்டைமான். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணிக்கு அவர் வெற்றியே பொருள். அந்நூலில் அவர் வண்டை நகரின் தலைவர் எனப்படுகிறார். பல்லவர் தொடர்பும் அவருக்குக் கூறப்படுகிறது. வண்டை என்றதும், செங்கற்பட்டுக்கு வடக்கே, உயிரியல் பூங்காவால் நீங்கள் அறிந்த வண்டலூரே அது என்று அறிஞர் சிலர் கொண்டனர். பெயரோ தொண்டைமான், ஊரோ தொண்டை நாட்டிலுள்ள வண்டலூர், எவ்வளவு அழகான பொருத்தம்! ஆனால் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில், அவருடைய தேவியாரின் அறக்கொடையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் கருணாகரத் தொண்டைமான் சோழமண்டலத்துத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியைச் சேர்ந்தவர் என்று எழுதப்பட்டுள்ளது. திருநறையூர் என்பது குடந்தைக்கு அருகில் இன்று நாச்சியார்கோயில் என வழங்கும் ஊர். ஆக, தமிழ் இலக்கியத்தில் மிகப் புகழ்பெற்ற இத்தொண்டைமான் காவிரி நாட்டவர். வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் இக்கல்வெட்டைக் கொண்டே வண்டாழஞ்சேரியை வண்டை எனத் துணிந்தார். பெயர் ஒலிக்கும் ஒற்றுமையைவிடக் கல்லில் வெட்டிய எழுத்து வலிது அன்றோ?

இனி இப்பெயர் சென்ற திசைகளைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தின் வடகரையில் தொண்டைமானாறு என்று ஓர் ஊரும் நீர்நிலையும் உள்ளன. செல்வச்சந்நிதி முருகன் கோயில் அங்குள்ளது. கருணாகரத் தொண்டைமான் அப்பகுதியின் உப்பை ஏற்றிச் செல்வதற்காக நீர்வழியை வெட்டுவித்தார் என்று, பதினெட்டாம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது. மரபுவழிச் செய்தியாகிய இதனால், கலிங்கம் வென்ற பெயர் ஈழத்தில் எவ்வளவு காலம் மனத்தில் நின்றது என்பது விளங்கும்.

தமிழகத்தின் தெற்கே, அறந்தாங்கியில் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் தொண்டைமான் என்னும் பட்டமுடைய தலைவர்கள் ஆண்டனர். புதுக்கோட்டையின் தொண்டைமான்களோ வேறு மரபினர். இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, தம் மனைவி காதலி நாச்சியாரின் உடன்பிறந்தாராகிய இரகுநாதத் தொண்டைமானுக்கு அப்பகுதியை அளித்தார். 1686 முதல் அவர் ஆட்சியைக் கணக்கிடுவர். அவருக்கு முன் அங்கிருந்தோர் பல்லவராயர்கள். பல்லவராயர் போய்த் தொண்டைமான் வந்தார் என்றால், பாலாற்றங்கரையின் இரண்டு பெயர்கள், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே, ஒன்றன்பின் ஒன்றாக ஆட்சி செய்தன என்பது பொருள். தம் முன்னோர் தொண்டைமண்டலத்திலிருந்து வந்தவர் என்பது புதுக்கோட்டை மன்னர்களின் குலமரபு. அம்மன் காசு என்னும் தனி நாணயம் அச்சிட்ட அந்தச் சமத்தானம், இராசகோபாலத் தொண்டைமான் காலத்தில், 1948 மார்ச் மாதத்தில் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று.

திருநெல்வேலியிலும் ஒரு தொண்டைமான் குடும்பம் இலக்கியத்தால் பெயர் பெற்றது. வேங்கடம் முதல் குமரி வரை என்னும் நூல் வரிசையால் கோயிற்கலையைத் தமிழ் மக்களுக்கு அறிமுகம் செய்த பாஸ்கரத் தொண்டைமான் அக்குடும்பத்தவர். அவர் 1904இல் பிறந்து 1965இல் மறைந்தார். தஞ்சைக் கலைக்கூடம் உருவாகக் காரணமாயிருந்தவரும் அவரே. அவருடைய தம்பி எழுத்தாளர் ரகுநாதன். தமையனார் பெயரின் முடிவில் முழுதாக விளங்கும் சொல், தம்பியாரின் தொ.மு.சி. என்னும் முதலெழுத்துகளுள் தொ என்னும் ஓரெழுத்தாகச் சுருங்கியிருக்கிறது. ஒரே இல்லத்தில் ஒரே பெயர் இருவேறு உருவம் பெற்றதைப் பாருங்கள். உங்கள் முதலெழுத்துகளுள்ளும் இத்தகைய பழம்பெயர் ஒன்று மறைந்திருக்கலாம்.

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் தமிழகத்தில் பிறந்து, இளமையிலேயே இலங்கைக்குச் சென்றவர். 1978 முதல் அந்நாட்டின் அமைச்சராக இருந்து 1999இல் மறைந்தார். அங்கே ஐகாரம் குறுகி அகரமாகித் தொண்டமான் என்றாயிற்று. அவருக்குப் பின் பெயரரும் அதற்கடுத்த தலைமுறையினரும் அப்பெயரையே இறுதியிற் சூடினர். பட்டமாக இருந்தது, மேனாட்டு முறைப்படி மாறாத குடும்பப் பெயராக நிறைவு பெற்றது அங்கேதான்.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அயர்லாந்து நாட்டில் வால்ஷ் என்னும் குடும்பப் பெயர் மிகுதி. வேல்சு நாட்டிலிருந்து வந்தவர் என்பது அதன் பொருள். வேல்சு நாட்டிலேயே இருப்பவரை அவ்வாறு அழைக்க வேண்டிய தேவை என்ன? எல்லோரும் அந்நாட்டவராக இருக்குமிடத்தில் நாட்டின் பெயர் ஒருவரைப் பிரித்துக் காட்டாது. தொண்டை நாட்டிலும் அவ்வாறே. இங்கே அப்பெயர் மண்ணுக்கு உரியதாயிற்று; தொண்டைமண்டல வேளாளர், தொண்டைமண்டல முதலியார் என்று பெருங்குடிகளின் அடைமொழியாயிற்று. தலைவனைக் குறித்த தொண்டைமான் என்னும் சொல்லோ, அரசு மறைந்தபின் இங்கே உரிமையாளர் இன்றி நின்றது. பட்டமாகப் பெற்றவர்களோடு தெற்கே சென்று, அவர்கள் சிற்றரசர்களாகிய இடங்களில் வழிவழிப் பெயராகத் தங்கிவிட்டது.

மாணவர்களே, இதனால் நாம் அறிவது யாது? காஞ்சியின் திரையர், பல்லவர், காவிரிக்கரைப் படைத்தலைவர், அறந்தாங்கித் தலைவர், புதுக்கோட்டை மன்னர் ஆகிய இவர்கள் யாவரையும் ஒரே பெயர் தொட்டது. ஆயின் ஒரே குருதி இவர்கள் அனைவரிடமும் ஓடியது என்பதற்கு அப்பெயர் சான்றாகாது. பெயர் கொடுக்கப்படுவது; பெறப்படுவது; நாட்டோடு கைமாறுவது. பெயர் ஒன்றைக் காட்டி, நான் அரச குலம், நீ அத்தகையவன் அல்லன் என்று ஒருவன் தருக்குவானாயின், அவன் வரலாற்றைப் படிக்கவில்லை என்றே கொள்ளுங்கள். அந்தத் தருக்கு பள்ளித் தோழரைப் பிரிக்கும், ஊரையும் பிரிக்கும்.

ஆகவே ஒரு பெயரை ஆராயப் புகுவோர் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகவேண்டும். அப்பெயர் முதன்முதல் எந்தச் சான்றில், எந்த ஆண்டில் காணப்படுகிறது? அஃது இட்ட பெயரா, ஊர்ப்பெயரா, பட்டமா? எழுத்து எங்கெங்கே, எவ்வாறு திரிந்துள்ளது? அதனைத் தாங்கியவர் எவ்வூரினர் என்று அவர் காலத்துச் சான்றே சொல்கிறதா? இந்நான்குக்கும் விடை தேடாமல், ஒலி ஒப்புமை கண்டு முடிவு கட்டுதல் கூடாது.

இதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கிரயப் பத்திரங்களைப் பெரியோர் துணையுடன் படியுங்கள். ஊர்க்கோயிலின் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டைப் பாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் அரசு வெளியீட்டின் முதற்றொகுதி 1890இல் வந்தது. மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளும் காஞ்சிக் கல்வெட்டுகளும் அதில் இடம்பெற்றுள்ளன. நூலகத்தில் அதனைக் கேட்டு வாங்கி, நீங்கள் அறிந்த ஓர் ஊரின் பெயரையாவது தேடிக் கண்டுபிடியுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊரில் எவரெவர் என்னென்ன பெயரோடு வாழ்ந்தனர் என்று அறிவது, எந்தப் பட்டத்தைச் சூடிக்கொள்வதினும் மேலான பெருமை.