சிவப்புக் கடிதத்தை ஒளித்து வைக்காதீர்கள்

(தோட்டக் கிளையின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச வந்திருப்பது சம்பளத்தைப் பற்றியல்ல. சம்பளம் கைக்கு வருமுன்னே வீட்டுக்கு வந்துவிடுகிற ஒரு கடிதத்தைப் பற்றி. கரண்ட் பில் பாக்கி இருக்கிறது, இன்ன திகதிக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று வருகிற சிவப்பு அறிவித்தலைச் சொல்கிறோம். சில வீடுகளுக்கு அதற்குப் பிறகு சட்டத்தரணியின் பெயர் போட்ட கடிதமும் வருகிறது.

அது வந்ததும் என்ன நடக்கிறது? சாமிப் படத்துக்குப் பின்னால் போகிறது. அல்லது அரிசி வாளிக்குக் கீழே போகிறது. புருஷனுக்குத் தெரியக் கூடாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறோம். கம்பத்தில் ஆள் ஏறுகிற அன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பாக்கியோடு சேர்த்து மறுஇணைப்புக் கட்டணமும் கட்ட வேண்டும்.

முதலில் இந்த வெட்கத்தைப் பற்றிப் பேசுவோம். 2022 ஆகஸ்டுக்கு முன் மாதம் 30 யுனிட் பாவித்த வீடு, யுனிட்டுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவும் சேர்த்து 105 ரூபா கட்டியது. அந்த ஆகஸ்டில் அதே 30 யுனிட்டுக்கு 360 ரூபா ஆனது. 2023 பெப்ரவரியில் யுனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,300 ரூபா. லைட் கூடவில்லை, பேன் கூடவில்லை. ஏழு மாதத்துக்குள் பில் மட்டும் 12 மடங்கு கூடியது. எங்கள் கூலி 12 மடங்கு கூடியதா?

2023இல் மட்டும் நாடு முழுவதும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன என்று பாராளுமன்றக் குழுவில் தெரிவிக்கப்பட்டது. 10 இலட்சம் வீட்டுக்காரரும் ஊதாரிகளா? பிறகு கட்டணம் சில முறை குறைந்தது. 2025 ஜூனில் மறுபடி சராசரியாக 15 சதவீதம் கூடியது. கட்டணம் குறைந்தபோதும் பழைய பாக்கி குறையவில்லை. அதுதான் இன்றைய பில்லிலும் ஏறி நிற்கிறது. ஆகவே இது உங்கள் வீட்டின் மானக்கேடு அல்ல. மறைக்க வேண்டிய காரணமும் இல்லை.

இனி, கடிதம் வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

முதலாவது, வந்த அன்றே திறந்து வாசியுங்கள். வாசிக்கக் கஷ்டமென்றால் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் கிளைக்குக் கொண்டு வாருங்கள். சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. யாரும் போடுகிற பிச்சை அல்ல அது.

இரண்டாவது, நான்கு விடயங்களைப் பாருங்கள். கணக்கு இலக்கம் உங்களுடையதா? மீற்றரில் இருக்கிற எண்ணும் பில்லில் இருக்கிற எண்ணும் பொருந்துகிறதா? இந்த மாதத் தொகை எவ்வளவு, பழைய பாக்கி எவ்வளவு? கடைசியாகக் கட்டிய பணம் கழிக்கப்பட்டிருக்கிறதா? இதற்குத்தான் ரசீதுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பில் இப்போது பல வீடுகளுக்குக் கைபேசிக் குறுஞ்செய்தியாகவும் வருகிறது. அந்த நம்பர் மகனுடையதாக இருந்து மகன் கொழும்பில் வேலை செய்தால், இங்கே யாருக்கும் பில் தெரியாது. சிவப்பு அறிவித்தல்தான் தெரியும். நம்பரை மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது, திகதி தாண்டுமுன் பிரதேச மின்சார அலுவலகத்துக்குப் போங்கள். படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பது தெரியும். அதனால்தான் ஐந்தாறு வீட்டுக் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டு கிளையின் சார்பில் ஒருவர் கூட வருவது என்று முடிவெடுத்திருக்கிறோம். போகுமுன் 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அலுவலகத்தில் கெஞ்ச வேண்டாம், சத்தம் போடவும் வேண்டாம். "இவ்வளவு இப்போது கட்டுகிறோம், மிச்சத்தை இத்தனை தவணையில் கட்டுகிறோம்" என்று கடிதமாக எழுதிக் கொடுங்கள். பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். வாய்ப் பேச்சு அடுத்த கதிரைக்குப் போனதும் மறந்துபோகும். முத்திரை போட்ட கடதாசி மறக்காது. பணத்தைத் தபால் கந்தோரிலோ வங்கியிலோ கட்டுங்கள். வாசலுக்கு வந்து கேட்கிறவரிடம் ரசீது இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நான்காவது, பில்லே பிழையென்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். அலுவலகத்தில் தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி அப்போது கையில் இருக்க வேண்டும்.

சட்டத்தரணியின் கடிதத்தைக் கண்டு நடுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கேட்டு வருகிற கடிதம் வேறு, நீதிமன்ற அழைப்பாணை வேறு. பில் கட்ட முடியாமற் போனது குற்றமல்ல. அதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடிக்காது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் எந்தக் கடன் வசூலிப்பவரும் வீட்டுக்குள் புகுந்து டீவியையோ தையல் மெசினையோ தூக்க முடியாது. ஆனால் நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அந்தத் திகதிக்குக் கட்டாயம் போக வேண்டும். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இன்னொன்று: கம்பியில் கொக்கி போடுவதும் மீற்றரில் கை வைப்பதும் குற்றம். அதில் உயிரும் போகும், வழக்கும் வரும். அந்த வழிக்கு யாரும் போக வேண்டாம்.

தோட்டத்தின் பெயரில் மீற்றர் இருக்கிற லயங்களில் பில் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சம்பள சபைகள் கட்டளைச் சட்டம் 1941இலிருந்து இருக்கிறது. சட்டம் அனுமதிக்காத பிடிப்பை யாரும் பிடிக்க முடியாது. என்ன கணக்கில் பிடிக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. சம்பளத் துண்டைக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். இறந்துபோன அப்பாவின் பெயரிலோ, முன்பு இருந்து போன குடும்பத்தின் பெயரிலோ கணக்கு இருந்தால் பெயரை மாற்றுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுக்கு நாங்கள் உதவுகிறோம்.

இப்போது மிக முக்கியமானது. கரண்ட் பில்லைக் கட்ட நுண்கடன் எடுக்காதீர்கள். கிழமைக் கடன் எடுத்து மாதப் பில் கட்டினால், அடுத்த மாதம் பில்லும் வரும், கிழமைக்குக் கிழமை கடன்காரரும் வருவார். இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு அந்த வேதனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. மின்சார பாக்கிக்குத் தவணை கேட்கலாம். கிழமைக் கடனுக்கு வட்டிதான் கேட்பார்கள். காதுத் தோட்டை அடகு வைக்குமுன்னும் ஒரு தடவை கிளையில் பேசுங்கள்.

"வெட்டினால் வெட்டட்டும், விளக்கில் இருப்போம்" என்கிறார்கள் சிலர். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்த காலம் 2022 ஆகஸ்டில் முடிந்தது. ஒரே நாளில் 340 ஆனது. வாவியில் தொழிலுக்குப் போகிற உங்கள் உறவுகளைக் கேளுங்கள், சொல்வார்கள். விளக்கு மலிவும் இல்லை. விளக்கடியில் படித்த பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்குகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வீட்டில் கரண்ட் போனால் அந்தப் பிள்ளை எதை இழக்கிறது என்பதை வகுப்பறையில் நிற்கிற நாங்கள் பார்க்கிறோம்.

கடைசியாக ஒன்று. கட்டணம் வானத்திலிருந்து விழுவதில்லை. கட்டணத்தை மாற்றுமுன் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. 2025இன் முதல் ஆறு மாதத்துக்குக் கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்றுதான் மின்சார சபை கேட்டது. மக்கள் கருத்தைக் கேட்ட பிறகு ஆணைக்குழு ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் 6.8 சதவீதக் கூட்டலை நிராகரித்தது. அங்கே கம்பனிகள் பேசுகின்றன, ஹோட்டல்காரர்கள் பேசுகிறார்கள். தோட்டத்து வீட்டின் 30 யுனிட்டைப் பற்றி நாங்கள் பேசாவிட்டால் யார் பேசுவார்கள்? அடுத்த தடவை இந்தக் கிளையிலிருந்து எழுத்து மூலக் கருத்து போக வேண்டும். அதற்கு உங்கள் பில்கள்தான் சாட்சி.

ஆகவே தோழர்களே, அடுத்த ஞாயிறு காலை பாடசாலை மண்டபத்தில் இருப்போம். சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிற கடிதத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். ரசீதுப் பையையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றாக வாசிப்போம், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவோம். திகதி நெருங்கியவர்கள் ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றே சொல்லிவிட்டுப் போங்கள்.